வெள்ளையாக வந்த வித்தியாசப் படம்

போன வாரம் உங்களில் ஒரு பெண் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். இரண்டு சினாரியோக்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கழித்த வித்தியாசப் படம். போக்குவரத்து கூடுகிற சாலை சிவப்பாகவும் குறைகிற சாலை பச்சையாகவும் வர வேண்டும். அவள் அனுப்பியதில் இரண்டும் இல்லை. முழுக்க வெள்ளை. கீழே "பாதிப்பே இல்ல மேடம், சூப்பர்ல?" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை முகம் மூன்று. நான் ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது, இரத்த அழுத்த மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். ஆனாலும் அந்தப் பொம்மை முகங்களைப் பார்த்ததும் சுர்ரென்று ஏறியது. அவளைத் திட்டவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நேற்று வேலையில் சேர்ந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். போக்குவரத்தைக் கணிக்கிற நம் மென்பொருளில் ஊரின் இன்றைய சாலைகள் எல்லாம் ஒரே ஒரு படமாக இருக்கும். அதற்கு பேஸ் என்று பெயர். இங்கே ஒரு பாலம் வந்தால், அங்கே ஒரு வழியை மூடினால் என்ன ஆகும் என்று பார்க்கிற ஒவ்வொரு கற்பனையும் ஒரு சினாரியோ. சினாரியோ முழுப் படத்தையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளாது. பேஸிலிருந்து எது மாறுகிறதோ அதை மட்டும் குறித்து வைத்திருக்கும். ஆகவே பேஸில் ஒரு கோட்டைத் தொட்டால் அத்தனை சினாரியோவிலும் அது மாறிவிடும். இதன் அருமையும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

அந்த ஆபத்தை நான் சீக்கிரமே பார்த்துவிட்டேன். ஒரு சந்திப்பில் மேம்பாலம் வந்தால் நெரிசல் எவ்வளவு குறையும் என்று கேட்டிருந்தார்கள். சினாரியோவில் கட்ட வேண்டிய பாலத்தை, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்க்காமல், பேஸிலேயே கட்டிவிட்டேன். கூட்டத்தில் ஓர் அதிகாரி 'இன்றைய நிலை' என்ற பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பாலம் எங்கம்மா இருக்கு? நான் தினம் அந்த வழியாத்தான் வரேன், என் கண்ணுல பட்டதே இல்லையே" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. மறுநாளே பேஸுக்குப் பூட்டுப் போட்டேன். கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். பென்னலூர்ப் பக்கம் வாடகை மாடியில் இருந்த நம் பழைய அலுவலகச் சுவரில் 'பேஸைத் தொடாதே' என்று கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்தேன். யாராவது அதில் சந்தேகம் எழுப்பினால் கடித்து வைப்பேன். என்னிடம் வேலை பார்த்தவர்களுக்கு என் கடி தெரியும்.

இப்படிப் பூட்டி வைத்துக் காப்பாற்றிய பேஸில்தான் நம் கதையின் வினை இருந்தது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், வழியில் வலப்பக்கம் ஒரு சிறிய ஊர். பெயர் வேண்டாம். ஊர்த் தெருவுக்கு நேர் எதிரே, சாலையை இரண்டாகப் பிரிக்கிற சென்டர் மீடியனில் ஓர் இடைவெளி உண்டு. கார் ஏற்றிப் போகிற நீள டிரெய்லர்களும் கண்டெய்னர் லாரிகளும் பறக்கிற சாலையில் அந்த இடைவெளி நல்லதில்லை, அங்கே அடிபட்டவர்கள் உண்டு. அதனால் அதை மூடிவிடலாமா என்று சாலைத் துறையில் கேட்டார்கள். மொத்தம் பன்னிரண்டு சினாரியோவில் இது ஒன்பதாவது. ஓட்டினேன். பேஸோடு கழித்துப் பார்த்தேன். வெள்ளை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. வெள்ளைப் படம் வந்தால் கொண்டாட்டம். சிவப்பு இருந்தால்தானே கேள்வி வரும், பதில் எழுத வேண்டும். வெள்ளை வந்தால் ஒரு வரியில் முடிந்தது, டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வரும். அன்றும் வந்தது. நான்தான் வரவழைத்தேன்.

அதிகாரிகளோடு நடக்கிற இறுதிக் கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை. குன்றத்தூரில் என் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் காரில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் டிரைவர் அந்தோணிக்கு நான் சொன்ன அந்த ஊர்தான் சொந்த ஊர். அவர் மனைவி ஸ்டெல்லா ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் லைனில் வேலை பார்க்கிறாள். பின் சீட்டில் நான் படங்களை விரித்து வைத்திருந்ததை அந்தோணி கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா மேடம், எங்க ஊரு யூ-டர்னா அது?"

"ஆமா. மூடப் போறாங்க. மூடினா யாருக்கும் ஒரு பாதிப்பும் இல்லைன்னு வந்திருக்கு."

முன்னால் போன டிரெய்லரை முந்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப எங்க ஊட்டம்மா போற கம்பெனி பஸ்சு எப்டி மேடம் உள்ள வரும்? ஒரகடம் போற பக்கத்துலேர்ந்து அந்த யூ-டர்ன்லதான் திரும்பி ஊருக்குள்ள வந்துகினு கீது. பொண்ணுங்கள ஏத்திக்கினு அதே வழியாதான் வெளிய போவும். மூடிட்டா பறந்து வருமா?"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

பத்து வருடம் என்னைப் பத்திரமாக ஏற்றி இறக்கியவரிடம் நான் சொன்ன பதில் அது. கேள்வி சரியாக இருந்தால்தான் எனக்கு அப்படிக் கோபம் வரும். அந்தோணிக்கும் அது தெரியும்.

அலுவலகத்தில் உட்கார்ந்ததும் ஒன்பதாவது சினாரியோவைத் திறந்தேன். இடைவெளி மூடியிருந்தது. அந்த ஊரிலிருந்து ஒரகடத்துக்கு எந்த வழியாக வண்டி போகிறது என்று காட்டச் சொன்னேன். மீடியனுக்கு மேலே ஒரு நேர்கோடு விழுந்தது. வண்டிகள் பறந்துதான் போயிருந்தன.

அது கனெக்டர். ஓர் ஊரில் கிளம்புகிற வண்டிகளைப் படத்திலிருக்கும் சாலையில் கொண்டுவந்து சேர்க்க நாம் போடுகிற கற்பனைக் கோடு. ஊருக்கு ஒரு கோடு, ஊர்த் தெரு வழியாக, போதும். இந்த ஊருக்கு இரண்டு இருந்தன. இரண்டாவது, மீடியனைத் தாண்டி எதிர்ப்பக்கச் சாலையில் நேராகப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. போட்டது யார் என்று பார்த்தேன். என் பெயர் இருந்தது.

பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. பேஸை உருவாக்கிய நாட்களில் அந்த இடத்தில் மட்டும் சாலையில் எண்ணிய வண்டிகளோடு மென்பொருள் மாதிரியின் எண்ணிக்கை பொருந்தவே இல்லை. இடைவெளியில் திரும்பக் காத்திருக்கும் நேரத்தை அதிகமாகப் போட்டிருந்தேன் போல, மாதிரியில் ஒரு வண்டியும் அங்கே திரும்பவில்லை. நேரில் போய்ப் பார்த்துத் திருத்துவதற்குப் பதிலாக, அவசரத்துக்கு ஒரு கோட்டை இழுத்தேன். எண்ணிக்கை அழகாகப் பொருந்தியது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்புறம் நானே பூட்டும் போட்டேன்.

மதியம் அந்தோணியைக் கூப்பிட்டு, "உங்க ஊருக்குப் போகலாம். ரெண்டாம் ஷிப்டு பஸ் எத்தனை மணிக்கு?" என்றேன். அவர் காரை எடுத்தார்.

மண்டை பிளக்கிற வெயில். இடைவெளி ஓரமாகக் குடையும் கடிகாரமுமாக நின்றேன். தெருமுனையில் வேப்பமரத்தடியில் நீலச் சட்டை போட்ட பெண்கள் இருபது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. ஸ்டெல்லா என்னைப் பார்த்துவிட்டு வந்தாள். போனிலேயே புருஷன் எல்லாம் சொல்லியிருந்தார்.

"மூடறது முடிவாயிடுச்சா மேடம்?"

"இன்னும் இல்ல. மூடினா பஸ் என்ன ஆகும்னு கம்பெனில கேட்டீங்களா?"

"அல்லாம் கேட்டாச்சு. அம்மாந்தூரம் சுத்திக்கினு உள்ள வர முடியாது, ஜங்ஷனாண்ட வந்து ஏறிக்கோங்கன்ட்டாங்க. மூணு கிலோமீட்டரு. லாரிங்க போற ரோட்டு ஓரமா போவணும். வர சொல்ல ராத்திரி ஆயிடும். பஸ்சு வூட்டாண்ட வருதுன்னுதான் எங்க மாமியாரே வேலைக்கு அனுப்பிச்சுது. எங்கூட வர்றதுங்க அல்லா வூட்லயும் இதே கததான்."

"அப்ப?"

"வேலைலேர்ந்து நின்னுட வேண்டியதுதான். வேற இன்னா பண்றது?"

அழவில்லை, குற்றம் சாட்டவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். பஸ் வந்தது. இடைவெளியில் திரும்ப எவ்வளவு நேரம் நின்றது, வெளியேற எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்துக்கொண்டேன். முதலில் போட்டிருந்ததில் பாதிகூட இல்லை. கையை உயர்த்தி லாரிகளை நிறுத்தி பஸ்ஸுக்கு வழிவிட வைத்தவர் அந்த ஊர் டீக்கடைக்காரர். அவரை எந்த மென்பொருளிலும் போட முடியாது.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

நாலு மணிக்கு என் பக்கத்து நாற்காலிக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவாள். நான் திட்டத்தோடுதான் சொன்னேன். பேஸைத் தொட வேண்டாம். ஒன்பதாவது சினாரியோவில் மட்டும் அந்தப் பறக்கிற கோட்டை எடுத்துவிடலாம். அந்த பேஸை வைத்து ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மூன்று அறிக்கைகளுக்கும் ஒரு சேதமும் வராது. படமும் பளிச்சென்று சிவப்பாக வரும். மூடுகிற பேச்சே எடுபடாது. ஒரு முறை ஓட்டிப் பார்த்தும் விட்டேன். ஊரைச் சுற்றி இரத்தச் சிவப்பு. எனக்கு ஒரே சந்தோஷம்.

அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா, இந்தச் செவப்புல முக்காவாசி யூ-டர்ன் மூடுனதால வந்தது இல்ல. நீங்க போட்ட கோட்ட எடுத்ததால வந்தது. பேஸ்ல அந்தக் கோடு இன்னும் இருக்குல்லா?"

"இருக்கட்டுமே. நல்ல காரியத்துக்குத்தானே."

"நல்ல காரியம்னு சொல்லுதிய. நாளைக்கு அவங்க ஆளு ஒருத்தன் ரெண்டு ஃபைலயும் பக்கத்துல வச்சுப் பாத்தாம்னா? நம்ம மானம் போறது கிடக்கட்டும். அந்தப் பொம்பளையளோட கஷ்டமும் பொய்யினு ஆயிரும்லா. அப்புறம் நெசத்தச் சொன்னாலும் எவன் கேப்பான்?"

எனக்குக் கோபம் வந்தது. கத்தவும் செய்தேன். "உனக்கென்ன, மூணு அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டது நான்" என்றேன். அவள் அசையவில்லை. எழுந்து போய், நான் ஒட்டி வைத்த 'பேஸைத் தொடாதே' காகிதத்தைச் சுவரிலிருந்து உரித்து, மடித்து, என் மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் செய்கிற பொய்தான் நம் தொழிலில் அதிகம் நடக்கிற பொய். யாரும் கெட்ட எண்ணத்தோடு ஒரு கோட்டை இழுப்பதில்லை. பொருந்தட்டும் என்று இழுக்கிறோம், ஓர் ஊர் பிழைக்கட்டும் என்று அழிக்கிறோம். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பத்து நிமிடம் என் பணி வாழ்க்கையிலேயே நீளமான பத்து நிமிடம். ஸ்டெல்லாவின் வேலையை ஒரு பொய்யால் காப்பாற்ற என்னால் முடியும். உண்மையால் முடியுமா என்று தெரியாது. தெரியாமல்தான் பூட்டைத் திறந்தேன்.

கோட்டை எடுத்தேன். வெயிலில் நின்று குறித்த நேரத்தைப் போட்டேன். முன்பு போல அவ்வளவு அழகாகப் பொருந்தவில்லை, ஆனால் வண்டிகள் தரையில் போயின. நிறுவனத் தலைவருக்குப் போன் செய்து சொன்னேன். "ஏம்மா, நாளைக்கு மீட்டிங்க வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர், கடைசியில், "சரி, உன் வாயாலயே சொல்லிடு. எனக்கு அந்த தைரியம் இல்ல" என்றார். பன்னிரண்டையும் மறுபடி ஓடவிட்டு வீட்டுக்குப் போனோம்.

காலையில் வந்து பார்த்தால் ஒன்பதாவதில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. அவ்வளவுதான். அந்தச் சாலையில் ஓடுகிற வண்டிகளில் ஓர் ஊரின் பஸ்ஸும் பைக்குகளும் எம்மாத்திரம்? இதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிறுத்த மாட்டார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "சர்வீஸ் ரோடு எப்பக்கா வருது?" என்றாள். ஜங்ஷன் பாலத்தின் அடியில் திரும்பி, ஊர்வரைக்கும் வருகிற சர்வீஸ் ரோடு ஒன்றும் திட்டத்தில் இருந்தது. பஸ் அதன் வழியாகச் சுலபமாக உள்ளே வந்துவிடும். அது இரண்டாம் கட்டம், மீடியன் இடைவெளியை மூடுவது முதல் கட்டம். "யாருக்கா இத முதல்ல, அத பிறகுன்னு முடிவு பண்ணுனது?" பழைய காகிதங்களைப் புரட்டினோம். யாரும் முடிவு பண்ணவில்லை. வேலைகளைத் தட்டச்சு செய்தவர் எந்த வரிசையில் தட்டினாரோ, அதே வரிசையில் நாங்களும் மென்பொருளில் ஏற்றியிருந்தோம். இரண்டையும் இடம் மாற்றினேன். பதின்மூன்றாவது சினாரியோ. அந்த மெல்லிய சிவப்பும் மறைந்தது. இந்த முறை வண்டிகள் எந்த வழியாகப் போகின்றன என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கூட்டத்தில் முதல் வாக்கியமாகவே சொல்லிவிட்டேன். "நாங்க குடுத்த மூணு அறிக்கையிலும் பேஸ் தப்பு. தப்பு என்னுது." தலைவர் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைக் காட்டினேன், திருத்தியதைக் காட்டினேன், மெல்லிய சிவப்பைக் காட்டினேன். ஊர்ப் பெண்களைப் பற்றியும் சொன்னேன்.

தலைமை வகித்த அதிகாரி கடுகடுப்பானவர். "இவ்ளோ சின்ன வித்தியாசத்துக்காக அங்க ஆள் அடிபடறத விட்டுட முடியுமா?" என்றார்.

"மூட வேண்டாம்னு சொல்லல சார். மூடணும். சர்வீஸ் ரோடு போட்டுட்டு மூடுங்க. அதுவரைக்கும் ஷிப்டு நேரத்துல ஒரு காவலர நிக்க வைங்க."

"இந்த வரிசைய நீங்க நேத்துவரைக்கும் சொல்லலையே. நாளைக்கு இதுவும் தப்புன்னு வருவீங்களா?"

"தப்புன்னு தெரிஞ்சா வருவேன் சார். நானே வருவேன்."

தப்பை ஒளித்தவர்கள் அவரிடம் நிறைய வந்திருப்பார்கள் போல, பேனாவை எடுத்துப் பட்டியலில் இரண்டு வரிகளுக்கு நடுவே அம்புக்குறி போட்டு இடம் மாற்றினார். "அடுத்தது" என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஓர் அம்புக்குறி. மூன்று அறிக்கைகளையும் சம்பளமில்லாத வேலையாகத் திருத்தி எழுத எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. தலைவர் அந்த இரண்டு மாதமும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா, எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

வெளியே காரில் ஏறியதும் அந்தோணியிடம் சொன்னேன். "மூடுவாங்க. ஆனா உங்க ஊருக்கு சர்வீஸ் ரோடு போட்டு, பஸ் அது வழியா வர ஆரம்பிச்ச அப்புறம்தான்."

அவர் காரைக் கிளப்பவில்லை. போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னார். ஸ்டெல்லாவின் குரல் இறங்கி வந்தது.

"நான் நேத்து ஷிப்ட்லயே சூப்பர்வைசராண்ட சொல்லிட்டேன்யா. இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு. லைன்ல அல்லாருக்கும் தெரியும். இப்ப போயி, இல்ல, தப்பா சொல்லிட்டேன்னு எப்டி அவராண்ட நிக்கறது? சிரிப்பாங்க."

அந்தோணி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எங்க மேடம் இப்பதான் பெரிய ஆபீசர்ங்க அல்லாரையும் ஒக்கார வெச்சி, மூணு ரிப்போர்ட்டும் தப்பு, நான்தான் பண்ணேன்னு சொல்லிட்டு வந்துகீறாங்க. நீ ஒரு சூப்பர்வைசராண்ட சொல்ல மாட்டியா?"

அந்தப் பக்கம் சாப்பாட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

"சரி, சொல்லிக்கறேன், வை" என்றாள் ஸ்டெல்லா. "பஸ்சு வந்துடும்."